காலியில்லாத நாற்காலி

நத்தக்குளம் தாலுகா ஆபீஸ் தட்டச்சர் தளவாய், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரோ இரண்டு பேருடைய வேலித் தகராறு பற்றிய கடிதத்தில் ‘மேற்படி’ என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, தூக்கம் வந்தவர் மாதிரி கீபோர்டின் மேல் நெற்றியைச் சாய்த்துச் செத்துப்போனார். நெற்றி அழுத்திய பட்டனில் இருந்த எழுத்து ஸ்கிரீனில் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று எழுந்து வந்தார்கள். புதன்கிழமை எரித்தார்கள். ஆபீஸ் மொத்தமும் சுடுகாட்டுக்குப் போய், குளித்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்காலியில் ஆள் இல்லாமலே மவுஸ் நகர்ந்து, அம்புக்குறி போய் அந்தக் கடிதத்தைத் திறந்து, பட்டன்கள் தாமாக இறங்கி ஏறி, நெற்றி அடித்துவைத்த எழுத்துகளையெல்லாம் பொறுமையாக அழித்துவிட்டு, ‘மேற்படி’யில் விட்ட இடத்திலிருந்து கடிதம் தொடர்ந்தது.

முதல் நாள் பயந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பெண் ஊழியர்கள் பைலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கீபோர்டுக்கு அடியில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் வைத்தால் கீபோர்டு ஆடுகிறது என்பதைத் தவிர வேறு பலன் இல்லை. எலக்ட்ரீசியன் வந்து கரண்டு கசிவு என்றான், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் வந்து வைரஸ் என்றான், இரண்டு பேரும் கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். கீபோர்டை மாற்றிப் பார்த்தார்கள். புதுசிலும் அடித்தார், கை பழகும்வரை ஒரு காலைப்பொழுது மட்டும் கொஞ்சம் மெதுவாக. கரண்டை அணைத்துப் பார்த்தார்கள்; ஸ்கிரீன் இருண்டு கிடக்க, பட்டன்கள் மட்டும் வெறும் வாயை மெல்லுகிற கிழவன் மாதிரி இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர்களே மறுபடி கரண்டைப் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆபீஸ் கண்காணிப்பாளர் எட்வின் செல்லையா, மேசையில் குவிந்து கிடந்த வரைவுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு, மேலே இருந்த ஒரு தாளை எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் இருந்த கிளிப்பில் மாட்டிவைத்தார். கால் மணி நேரத்தில் ஒரு பிழை இல்லாமல் கடிதம் பிரிண்டரில் வந்து விழுந்தது. அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை. அரசாங்க ஆபீசில் வேலை நடக்கிறது என்றால் யார் செய்கிறார் என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது! வேப்பமரத்தடிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆபீஸ் உதவியாளர் பிச்சைக்கனி பாய் கொஞ்ச நாள் பழைய பழக்கத்தில் பதினோரு மணி டீயைக் கொண்டுவந்து வைத்தார். டீ ஆடை கட்டிக் கிடந்ததே தவிர குறையவில்லை, ஆகவே அதையும் நிறுத்திவிட்டார். லீவு கேட்காத, வெற்றிலை போட எழுந்து போகாத, இன்கிரிமென்ட் வரவில்லை என்று சங்கத்துக்கு ஓடாத ஒரு தட்டச்சர். பக்கத்துத் தாலுகாக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். பட்டா கேட்டு வருகிற சனங்கள், தளவாய் கையால் அடித்த உத்தரவு என்றால் பின்னால் வழக்கு வராது என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, அந்த மேசையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, கணிப்பொறி நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிவைத்துவிட்டு ஜீப் ஏறினார்.

தளவாயின் பெண்டாட்டி ஆவுடைக்கு இந்தச் சமாசாரம் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் வாய் வழியாகத்தான் தெரியும். அவள் அழவும் இல்லை, அதிர்ச்சி ஆகவும் இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குப் போன மனுசன், செத்ததற்காகவா போகாமல் இருப்பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கோபமாகத்தான் வந்தது. வீட்டுக்கு வரத் தெரியாத ஆவிக்கு ஆபீசுக்கு மட்டும் வழி தெரிகிறதா?

ஆவுடை பீடி சுற்றுகிறவள். கல்யாணத்துக்கு முந்தியும் சுற்றினாள், பிந்தியும் சுற்றினாள். மடியில் பீடித்தட்டை வைத்து உட்கார்ந்தால், இலையும் தூளும் நூலும் அவள் விரலுக்குள் எப்படிப் போய் எப்படி வருகிறது என்று எதிரே இருப்பவர் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த வேகத்தை அவள் ஒருநாளும் பெருமையாக நினைத்ததில்லை. நெஞ்சுக்கூட்டில் தூள் இறங்கி, விடியற்காலை இருமலாக வெளியே வருகிற வேலையில் என்ன பெருமை? அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான் இருந்தது. மகள் சுபாஷினி பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் மடியில் மட்டும் அந்தத் தட்டு ஏறக் கூடாது. புருசன் இருந்தவரை அதற்கு ஆபத்தில்லை. இப்போது ஒரே வழிதான் பாக்கி: வேலையில் இருக்கும்போது செத்தவருடைய குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் கொடுக்கிற வேலை.

மனுவோடு போனவளை எட்வின் செல்லையா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நல்லபடியாகத்தான் பேசினார். கெட்ட மனுசன் இல்லை. “அந்தச் சீட்டுக்கு உன்னையப் போடணும்னுதாம்மா எனக்கும் ஆசை. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கே, அது போதும். ஆனா கம்ப்யூட்டர்ல அடிக்கத் தெரியணும். கலெக்டர் ஆபீஸ்ல உட்கார வச்சு டெஸ்ட் வைப்பாங்க” என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அந்த மூலையைப் பார்த்தாள். நாற்காலி காலி. பட்டன்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போய் நின்று, ஏங்க என்று மெதுவாகக் கூப்பிட்டாள். நின்றது மாதிரி இருந்தது. இல்லை, வரி முடிந்திருந்தது. அடுத்த வரி ஆரம்பித்துவிட்டது.

சைக்கிள் கடை மாடியில் பிரின்சி என்ற பெண் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டரில் ஆவுடை சேர்ந்தாள். சுற்றிலும் லீவுக்குச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் இவள். முதல் நாளே மவுஸ் அவளை அழவைத்தது. கையில் கொடுத்ததும், பாவம், அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, ஸ்கிரீனுக்கு நேரே டார்ச் லைட் அடிக்கிற மாதிரி காட்டினாள். பிள்ளைகள் சிரித்தன. பிரின்சி அவள் கையைப் பிடித்து மேசையில் இறக்கி, “அக்கா, இது தரையிலதான் ஓடும். நீங்க மேசையைப் பார்க்காதீங்க, அம்பைப் பாருங்க” என்றாள். அம்பைப் பார்த்தால் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கையைப் பார்த்தால் அம்பு ஓடிப்போய் ஓரத்தில் ஒளிந்துகொண்டது, மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டி வயரில் தொங்கியது. மேசை தீர்ந்துபோனால் மவுஸை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்துக்கொள்ளலாம், அம்பு போன இடத்திலேயே நிற்கும் என்பது பிடிபடவே ஒரு வாரம் ஆயிற்று. ஒரு தட்டு தட்டினால் தேர்வு, இரண்டு தட்டு சேர்த்துத் தட்டினால் திறப்பு என்றார்கள். அவள் மூட்டைப்பூச்சியை நசுக்குகிற மாதிரி ஒரு தரம் அழுத்தி, செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தரம் அழுத்தினாள். எதுவும் திறக்கவில்லை.

கீபோர்டு அதைவிட மோசம். அ பக்கத்தில் ஆ இல்லை, க பக்கத்தில் ங இல்லை, யாரோ எழுத்துகளைச் சுளகில் போட்டுப் புடைத்துக் கொட்டினது மாதிரி கிடந்தது. ஒட்டியிருந்த தமிழ் எழுத்து ஸ்டிக்கரில் பாதி தேய்ந்துபோயிருந்தது. இரண்டு பட்டனில் மட்டும் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல் இரண்டையும் அங்கே வைத்துவிட்டால் மற்ற விரல்கள் தன் வீட்டுக்குத் தானே போகும் என்று பிரின்சி சொல்லிக் கொடுத்தாள். ஆவுடையின் விரல்கள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பீடிக்கு நூல் கட்டுகிற அதே விரல்கள் அங்கே வந்தால் புது மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றன. ஒரு எழுத்துக்கு ஒரு தேடல், ஒரு விரல், ஒரு குத்து. ஐப்பசி பிறந்தும் அவள் தன் பெயரை அடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கட்டுப் பீடி சுற்றியிருக்கலாம். உனக்கு இது வராதும்மா என்று சுபாஷினியே ஒரு நாள் சொல்லிவிட்டாள். வெறுப்பில் இல்லை, அம்மா படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல்தான்.

ஆவுடை போய் நின்றது பிச்சைக்கனி பாயிடம். ஆபீசில் உட்கார்ந்து பழக இடம் கிடைக்குமா அண்ணாச்சி என்று கேட்டாள். பாய் யோசித்தார். ஒரு சங்கடம் இருக்கிறது தங்கச்சி, தளவாய்க்கு அடிக்க மட்டும்தான் கை இருக்கிறது, கிளிப்பில் தாளைத் திருப்பிவைக்கக் கை இல்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் நானே ஓட வேண்டியிருக்கிறது, நீ வந்து உட்கார்ந்து தாள் திருப்பிக்கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். அப்படித்தான் ஆவுடை, செத்துப்போன புருசனுடைய நாற்காலியில், சம்பளம் இல்லாமல், காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தாள். ஆபீஸ் இதையும் அரை நாளில் பழகிக்கொண்டது.

முதல் நாள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் பட்டன்கள் ஓடுவதைப் பார்த்தபடி இருந்தாள். மறுநாள், என்ன தோன்றியதோ, பத்து விரலையும் கொண்டுபோய் பட்டன்களின் மேல், பாலின் மேல் ஆடையைத் தொடுகிற மாதிரி, அழுத்தாமல் வைத்தாள். அவள் விரலுக்குக் கீழே ஒவ்வொரு பட்டனாக இறங்கியது. விரலும் கூட இறங்கியது, அவ்வளவுதான். சூடு இல்லை, மூச்சு இல்லை, மனுச வாசனை இல்லை. ஆனாலும் அவர் இறக்கின பட்டனில் தன் விரலும் சேர்ந்து இறங்குகிறது என்று தெரிந்தபோது அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த மனுசன் பகல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்தவர் இல்லை.

கார்த்திகை போய், மார்கழி போய், தை பிறந்து, அவள் விரல்கள் அவருடைய விரல்கள் போகிற வழியிலேயே போய்ப் போய், ‘மேற்படி’க்கு எந்த விரல் முதலில் இறங்கும், ‘பொருள்’ என்றால் எந்தக் கை ஆரம்பிக்கும், வரி முடிந்தால் சுண்டுவிரல் எவ்வளவு நீள வேண்டும் என்பதெல்லாம் புத்திக்குத் தெரியாமலே கைக்குத் தெரிந்துபோனது. கண் கீபோர்டை விட்டுக் கிளம்பித் தாளுக்குப் போனது. மவுஸின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தால் அது நகர்கிற பக்கம் அவள் கையும் நகர்ந்து, அம்பு எங்கே போகப்போகிறது என்று மணிக்கட்டுக்கு முன்னமே தெரிந்தது. இரண்டு தட்டு, இடைவெளி இல்லாமல், உளுந்து உடைகிற மாதிரி. பங்குனியில் ஒரு நாள் பிரின்சியின் சென்டருக்குப் போய் உட்கார்ந்து, கையைப் பார்க்காமல் ஒரு பக்கம் முழுக்க அடித்துக் காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பிரின்சி கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆவுடை சிரித்தாள், புருசன் செத்த பிறகு முதல் தடவையாக.

டெஸ்டுக்கு நாள் குறித்து வருவதற்குள் கோடை, ஆடி, ஆவணி எல்லாம் போய் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. தாலுகா ஆபீசில் லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே ஆயுத பூசை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு, கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம், மவுஸின் மேல் ஒரு செவ்வந்திப் பூ, பொரிகடலை, அப்புறம் மறுபூசை முடிகிறவரை எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. தளவாய் உயிரோடு இருந்தபோது இந்த விசயத்தில் மகா கறார். பொட்டு வைத்த கீபோர்டைத் தூசி தட்டக்கூட விட மாட்டார். சூடம் காட்டின நிமிசத்தில் பட்டன்கள் நின்றன. அந்த மூலை அவ்வளவு நிசப்தமாக இருந்து அவர் செத்த பிறகு யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் பொரி வாங்கக் கூடத்துக்குப் போனதும், ஆவுடை மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். ஆபீஸ் வேலை இல்லாத ஒரே நேரம் இதுதான், இப்போது கேட்டால் பதில் சொல்வார். பூசையை மீறி, சந்தனம் ஈரமாக இருக்க இருக்க, ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து அடித்தாள்: ‘நான் ஆவுடை. சுபாவை எந்தக் காலேஜில் சேர்க்கட்டும்? நீங்கள் நல்லா இருக்கிறீர்களா?’

மூன்று நாள் அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. லீவு முடிந்து, மறுபூசை செய்து, பத்து மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள். காய்ந்த சந்தனத்தோடு முதலில் இறங்கிய பட்டன் பேக்ஸ்பேஸ். கேள்விக்குறி போனது, அப்புறம் ‘இருக்கிறீர்களா’ போனது, அப்புறம் ‘நல்லா’, அப்புறம் ‘சுபா’, அப்புறம் ‘ஆவுடை’. நெற்றி அடித்த எழுத்துகளை எப்படி அழித்தாரோ அதே மாதிரி, பொறுமையாக, ஒன்றுவிடாமல். பக்கம் சுத்தமானதும் கிளிப்பில் இருந்த தாளை அடிக்க ஆரம்பித்தார். அவள் கையை எடுத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டெஸ்டில் பாஸ் பண்ணினாள். சாதாரணமாக இல்லை, வந்த கூட்டத்திலேயே முதலில் முடித்தவள் அவள்தான். மேற்பார்வைக்கு நின்ற அம்மா தாளை வாங்கிப் பார்த்து, இது பழைய சர்வீஸ் கையாச்சே, யாரிடம் படித்தாய் என்று கேட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்று சொன்னாள். அந்த அம்மா பாராட்டி முதுகில் தட்டினாள். ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கினாள், சுபாஷினிக்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கினாள், ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக நூல் சேலை ஒன்று பார்த்து, உத்தரவு வரட்டும் என்று திரும்ப வைத்துவிட்டு வந்தாள்.

உத்தரவு வரவில்லை, கேள்வி வந்தது. நத்தக்குளத்தில் தட்டச்சர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று மேலே இருந்து கேட்டிருந்தார்கள். எட்வின் செல்லையா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மாதாமாதம் எவ்வளவு கடிதம் அடிக்கப்பட்டது என்று நாங்களே கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், ஒரு கடிதம் பாக்கி இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறோம், இப்போது போய் ஆள் இல்லை என்று எப்படி எழுதுவது, வேலை நடக்கிற சீட்டைக் காலி என்று எழுதினால் என் பென்சன் போய்விடும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவரு ஒரு மாசம் அடிக்காம இருந்தா போதும்மா. நான் காலின்னு எழுதிருதேன். நீ சொன்னா கேக்க மாட்டாரா?” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஆவுடை அந்த மேசைக்கு முன்னால் நின்றாள். தளவாய் மட்டும் சாப்பிடப் போவதில்லை. பட்டன்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. புருசனிடம் எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். “ஏங்க, போதும். நீங்க செத்துப் போயிட்டீங்க. எரிச்சாச்சு, கருமாதியும் பண்ணியாச்சு. இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போயிருங்க” என்றாள். பட்டன்கள் நிற்கவில்லை. “நீங்க போனாத்தான் எம் பிள்ளை பிழைக்கும்” என்று சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கீபோர்டை அமுக்கிப் பிடித்தாள். ஸ்கிரீனில் தாறுமாறாக எழுத்து ஓடியது. கை வலித்து அவள் எடுத்ததும், அவர் அதையெல்லாம் அழித்துவிட்டு, விட்ட இடத்தில் ஆரம்பித்தார்.

அவள் விடவில்லை. அடிக்கத் தாள் இருந்தால்தானே அடிப்பார்? மறுநாளிலிருந்து எட்டு மணிக்கே வந்து, பாயிடம் சாவி வாங்கித் திறந்து, அன்றைய வரைவு அத்தனையையும் பத்து மணிக்குள் தானே அடித்து முடித்தாள். பத்து மணிக்கு மவுஸ் லேசாக நகர்ந்தது, அம்பு வெறும் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது, தாள் இல்லாத கிளிப்புக்கு முன்னால் பட்டன்கள் இறங்காமல் நின்றன. சாயங்காலம்வரை நின்றன. ஆவுடை அந்த மாசம் முழுக்க அப்படி அடித்தாள். முகம் தெரிந்த சாமிநாதபுரம் பஸ் கண்டக்டர், என்னக்கா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லுகிற அளவுக்குத் தைரியம் வந்திருந்தது.

ஆனால் அவள் அடித்த கடிதமும் தளவாய் அடித்த கடிதமும் ஒன்று போலவே இருந்தன. ஒரே கை, ஒரே இடைவெளி, ஒரே ஓரம். பார்த்தவர் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. மாவட்டத்து அதிகாரி மறுபடி வந்தார், பத்தே காலுக்கே மேசை சுத்தமாக இருப்பதைப் பார்த்தார், தட்டச்சர் இருக்கையில் பணி முன்னைவிட விரைவாக நடைபெறுகிறது என்று எழுதினார். இது நான் அடித்தது சார் என்று ஆவுடை எழுந்து நின்று சொன்னாள். அவர் எட்வின் செல்லையாவைப் பார்த்தார். செல்லையா தரையைப் பார்த்தார். வெளியாள் ஒருவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தோம் என்று ஒப்புக்கொண்டால் அவர் தலை உருளும். இந்த அம்மா தாள் திருப்பிக்கொடுக்க வருகிறவள் சார் என்றார். அதிகாரி சரி என்று தலையாட்டிவிட்டு ஜீப் ஏறினார். வரைவு இருந்த பீரோவின் சாவியை அன்றைக்கே செல்லையா தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஆவுடை மறுபடி பத்து மணிக்கு வந்தாள்.

ஏன் வந்தாள் என்று கேட்டால் என்ன சொல்வது? மனு இன்னும் மேலே இருக்கிறது, கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் யாராவது இரக்கப்படுவார்கள் என்று ஒரு நினைப்பு. வீட்டில் உட்கார்ந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பட்டன்களின் மேல் கையை வைக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. போய்த் தொலையுங்கள் என்று சொன்ன வாயாலேயே, அவர் இறங்குகிற இடத்தில் தன் விரல் இறங்குவதற்காகப் பத்து மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தாள்.

மாசி மாசம் ஒரு திங்கட்கிழமை, பாய் கொண்டுவந்து போட்ட வரைவுக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். எதையும் படித்துப் பார்ப்பதில்லை, விரல்தான் படிக்கும். ஓடைப் புறம்போக்கு ஒன்று போனது, வாரிசுச் சான்று ஒன்று போனது. அடுத்தது மாட்டினாள். பார்வை அடித்தார், பொருள் அடித்தார். ‘கருணை அடிப்படையில்’ என்று பட்டன்கள் இறங்கியபோது அவள் கண் தாளுக்குப் போகாமல் ஸ்கிரீனிலேயே நின்றது. ‘திருமதி ஆவுடை’ என்று இறங்கியது. எழுத்து எழுத்தாக, அவர் விரலில் அவள் பெயர். ஒரு தயக்கம், ஒரு பிழை, ஒரு எழுத்தாவது மாறி விழாதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லா எழுத்தும் சரியாக விழுந்தது. ‘கணவர் பெயர்: காலஞ்சென்ற தளவாய்’ என்று தன் சாவையும் அதே வேகத்தில் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். உயிரோடு இருந்தபோதும் அவர் அடிக்கிற கடிதத்தைப் படித்தவர் இல்லை. படித்தால் வேகம் குறையும் என்பார்.

மேற்படி பணியிடத்தில் பணி தடையின்றி நடைபெற்று வருவதாலும், காலிப் பணியிடம் ஏதும் இல்லாததாலும், என்று வரி நீண்டுகொண்டே போனது. கையை எடுத்துவிடு என்று ஆவுடை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுபாஷினி காலேஜ் விண்ணப்பத்தை வாங்கி வந்து வைத்திருந்தது நினைப்பு வந்தது. கை வரவில்லை. அதைவிடக் கொடுமை, இந்த மாதிரிக் கடிதம் எப்படி முடியும் என்று அவள் விரல்களுக்கு மனப்பாடம். எத்தனை பேருடைய மனுவுக்கு அவரோடு சேர்ந்து இதே முடிவை அடித்திருக்கின்றன! ‘நிராகரிக்கப்படுகிறது’ என்ற சொல் வந்தபோது, பட்டன் கீழே போய் விரலை இழுக்கவில்லை. விரல்தான் முந்திப் போய்ப் பட்டனை இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் யார் அடித்தது என்று கடவுளைக் கேட்டாலும் சொல்ல முடியாது. ஒரு பிழை இல்லை.

பிரிண்டரில் விழுந்த தாளைப் பாய் எடுத்துப் படித்துவிட்டு, அவளைப் பார்க்காமல் செல்லையாவிடம் கொண்டுபோனார். கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, கால் மணி நேரத்தில் அது அவள் மேசைக்கே திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடம்மா என்று சொல்லிப் பாய் பேனாவை நீட்டினார். போட்டாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாசல்வரை சனங்கள் நின்றார்கள், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, கம்பு ஊன்றின ஒரு பெரியவர், எல்லோரும் இந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிப் காலியாக இருந்தது. பட்டன்கள் இறங்காமல் காத்துக்கொண்டிருந்தன. ஆவுடை மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கட்டிலிருந்து அடுத்த தாளை உருவி, கிளிப்பில் மாட்டினாள்.